அம்மன் எடுத்த கால்

என் அண்ணனுக்கு வலது கால் தொடைக்குக் கீழே இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் அதை அம்மன் எடுத்துக்கொண்டாள் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கன்னத்தில் வேறு போட்டுக்கொள்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வசவு தொண்டை வரை வந்து நிற்கும். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவும் பிடிக்கும். ஆனால் கோபப்பட்டே ஆகவேண்டிய ஒரு சாயங்காலம் நான் வாயை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன்.

எங்கள் ஊர் ஏம்பலத்துக்கும் வில்லியனூருக்கும் நடுவில் இருக்கிறது. ரோட்டுக்கு ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் கரும்பு. நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன், மீதி நேரத்தில் வீட்டில் தையல். வெயில் காலத்தில் எங்கள் அம்மன் கோயிலில் பங்காளிச் சண்டைக் கதையைப் பதினெட்டு நாள் நடத்துவார்கள். கதை உங்களுக்குத் தெரியும், அதனால் பெயர் சொல்லி எழுதப்போவதில்லை. வேஷம் கட்டுகிறவர்களை நாங்களும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒருத்தர் விழுகிற ராஜா, ஒருத்தர் அடிக்கிறவர். சபையில் தன்னை அவமானப்படுத்திய ராஜாவின் ரத்தத்தைத் தொட்டுத்தான் முடி முடிவேன் என்று சபதம் போட்டு, தலையை விரித்துப் போட்டுக் காத்திருக்கிறவள் அம்மன்.

மற்ற நாட்களில் வெளியூர்க் கூத்துக்காரர்கள் ஆடுவார்கள். கடைசி நாள் காலையில் நடக்கிற படுகளம் மட்டும் ஊர்க்காரர்களுடையது. கோயிலுக்கு எதிரே மைதானத்தில் மண்ணைக் குழைத்து, ராஜா மல்லாந்து கிடக்கிற மாதிரி செய்து வைப்பார்கள். தலையிலிருந்து கால் வரைக்கும் நடந்தால் முப்பது அடியாவது வரும். முறுக்கிய மீசை, முழித்த கண். வலது தொடையில் குழி தோண்டி, குங்குமம் கரைத்த தண்ணீரைப் பானையில் ஊற்றிப் புதைப்பார்கள். இரண்டு பேரும் மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டை போட்டு, கடைசியில் ராஜா அந்தத் தொடைமேல் போய் விழவேண்டும். அடிக்கிறவர் கதாயுதத்தை ஓங்கிப் பானையை உடைப்பார். ராஜாவின் காலுக்கும் பானைக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விடுவது முறை. அதன் பிறகு அம்மன் வந்து முடி முடிகிற வரைக்கும் ராஜாவை யாரும் தொடக்கூடாது. செத்தவர் செத்தவராகவே கிடப்பார். முடிந்ததும் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாட்டையைச் சொடுக்கி அவரை எழுப்புவார்.

விழுகிற ராஜா என் பிறந்த வீட்டு முறை. அடிக்கிறவர் என் புகுந்த வீட்டு முறை. என் அப்பா விழுந்தார், என் மாமனார் அடித்தார். அடித்து முடித்துவிட்டு இரண்டு பேரும் அரிதாரத்தைக்கூடக் கழுவாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் என்னைப் பெண் கேட்டு வந்ததே. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் விழுந்தான், மாமனாருக்குப் பிறகு என் வீட்டுக்காரன் அடித்தான். கதாயுதத்துக்கு உறை தைக்கிற வேலை மாமியாரிடமிருந்து எனக்கு வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகள் வயதுக்கு வந்தாள். மஞ்சள் நீருக்கு அண்ணன் மேளம் வைத்து, வரிசைத் தட்டோடு தெரு அடைக்க வந்தான். என் வீட்டுக்காரன் காலையிலேயே ஊற்றிக்கொண்டுவிட்டான்; புதுச்சேரிக்காரனுக்கு அதற்கு என்ன பஞ்சம். அவன் கூட்டாளிகளின் பந்திக்குக் கறி பற்றவில்லை என்று நேராகச் சமையல் நடக்கிற இடத்துக்கு வந்தான். என் முடியைப் பிடித்துப் பந்தலுக்குள் இழுத்துக்கொண்டு போனான். பிளாஸ்டிக் நாற்காலிகளில் இடித்துக்கொண்டே போனேன். "மானத்த வாங்கறியாடி" என்று முதுகில் மிதித்தான். பந்தல் நிறைய ஜனம். ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. கூத்தில் இதே கட்டம் வந்தால் மூக்கைச் சிந்தி அழுகிற பெண்கள் எல்லாம் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

அண்ணன் ஒருத்தன்தான் வந்தான். காலில் இருந்த செருப்பைக் கழற்றினான். "எந்தங்கச்சி முடியவா புடிக்கிற? இன்னா ஆம்பளடா நீ?" என்று கேட்டுக் கேட்டு முகத்திலேயே அடித்தான். ஒன்று இரண்டு இல்லை. உதடு கிழிந்து, வெள்ளைச் சட்டையில் ரத்தம் வழிந்த பிறகுதான் நாலு பேர் வந்து பிடித்தார்கள். அப்போதும் அண்ணன் கையில் செருப்பு இருந்தது.

செருப்படி என்றால் சாதாரணமா? அதுவும் மச்சான் கையால், பெண்ணின் மஞ்சள் நீரன்றைக்கு, ஊரே பார்க்க. அன்று சாயங்காலம் குழாயடியில் வாயைக் கொப்பளித்துக்கொண்டே என் வீட்டுக்காரன் சொன்னான்: "அவன் கால ஒடைக்கல, என்ன இன்னான்னு கேளு." குடிக்கிறவன் பேச்சு என்று விட்டேன். ஆனால் அதற்கப்புறம் அவன் குடிக்கவில்லை. குடிக்காமலே அதைச் சொன்னான். தோசைக்கு உட்கார்ந்தால் சொல்வான், செருப்பு மாட்டும்போது சொல்வான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். எனக்காக அடித்த அண்ணன்மேல் எனக்கே உள்ளுக்குள் கோபம் இருந்தது. தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செருப்படி வாங்கினவன் பெண்டாட்டி என்று எனக்குப் பெயர் ஆகிவிட்டது. அண்ணன் கொஞ்சம் அடக்கிக்கொண்டிருக்கலாம், என்னை மட்டும் விலக்கிக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். என் முடியைப் பிடித்தவனை விட்டுவிட்டு, அவன் கையைத் தட்டிவிட்டவன்மேல் கோபப்படுகிற புத்தியை என்னவென்று சொல்வது?

நாலு மாதத்தில் திருவிழா வந்தது. நாட்டாமை இரண்டு பேரையும் கூப்பிட்டு, வேஷம் கட்டுகிறீர்களா, விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு வருஷம் விட்டுக்கொடுத்தால் முறை வேறு வீட்டுக்குப் போய்விடும், திரும்ப வராது. இரண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே காப்புக் கட்டிக்கொண்டார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. நாட்டாமைக்கு ஒரே சந்தோஷம். "சண்ட இருக்கறதும் ஒரு வகைல நல்லதுதான்பா. ஆட்டம் சூடா இருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

கதாயுதம் என்று பெயர்தானே தவிர, அது காற்றுக் கனம்தான் இருக்கும். கைப்பிடி கல்யாண முருங்கைக் கட்டை. தலை மூங்கில் கூடை, உள்ளே வைக்கோல். அதற்குமேல் நான் சிவப்பு வெல்வெட் துணியில் உறை தைத்து ஜிகினா ஒட்டுவேன். அந்த வருஷமும் வில்லியனூர் போய்த் துணி வாங்கி வந்தேன். படுகளத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் கதாயுதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். ஏற்கெனவே சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான். மடியே அமுங்கிப்போனது. நான் துணியை இழுத்துப் பிடித்து ஊசியை இறக்கினேன். சாக்கைத் தாண்டி, வைக்கோலைத் தாண்டி, ஊசி எதிலோ முட்டி வளைந்துவிட்டது. தடவிப் பார்த்தேன். இரும்பு. என் சமையல்கட்டு மூலையில் நாலு நாளாக உலக்கையைக் காணோம். பூண் போட்ட கனமான உலக்கை. அதை அறுத்து உள்ளே வைத்திருந்தான்.

"இன்னாங்க இது, உள்ள ஒலக்க கீது?" என்றேன்.

"கனமா இருந்தாத்தான் சுத்த வரும். வேலயப் பாரு."

"அண்ணன் மேல பட்டா இன்னா ஆவும்?"

அவன் என்னைப் பார்த்தான். "மண்ணுலதான அடிக்கப் போறேன்" என்றான்.

எனக்குத் தெரியும். பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அன்றைக்கே வெட்டுக்குத்து ஆகும், திருவிழா நிற்கும், பழி என் தலையில் விழும் என்று பயந்தேன். மண்ணில்தானே அடிக்கப் போகிறான் என்று அவன் சொன்னதையே நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். வேறு ஊசி எடுத்தேன். உலக்கை இருக்கிற இடத்தை விட்டுச் சுற்றித் தைத்தேன். தையல் ரொம்ப நன்றாக வந்தது.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. பம்பை அடித்து நெஞ்சு அதிர்ந்தது. அண்ணன் கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கட்டி, முகத்தில் சிவப்பு அப்பி வந்து நின்றான். நான் பெண்கள் பக்கத்தில், கயிற்றை ஒட்டி நின்றேன். எங்கள் ஜனத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. விழுகிற ராஜா கெட்டவன் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அவன் விழும்போதுதான் அழுவார்கள். ஜெயிக்கிறவனுக்காக எங்கள் ஊரில் யாரும் அழுது நான் பார்த்ததில்லை. முறையில்லாமல் அடித்தல்லவா ஜெயிக்கிறான். இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது என்பது சண்டை முறை. கூட நிற்கிற கடவுள்தான், இப்படி அடித்தால் இவன் சாகமாட்டான் என்று, தன் தொடையைத் தட்டிக் காட்டிக்கொடுக்கிறார். நீல வர்ணம் பூசிய கடவுள் வேஷக்காரர் அன்றைக்கும் சிரித்துக்கொண்டே தட்டினார். தெரிந்தும் சும்மா இருந்தவள் நான், அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இரண்டு பேரும் ஓடினார்கள். மற்ற வருஷங்களில் சுற்றி வரும்போது கதாயுதத்தைக் கதாயுதத்தோடு தட்டி விளையாட்டுக் காட்டுவார்கள். அன்று அண்ணனின் மூங்கில் கதாயுதம் முதல் அடியிலேயே நொறுங்கி, வைக்கோல் பறந்தது. ஜனம் ஆர்ப்பரித்தது. இரண்டாவது அடி அண்ணனின் தோளில் இறங்கியது. அவன் தடுமாறித் திரும்பி என் வீட்டுக்காரனைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையில் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஓடிவந்து வயிற்றில் உதைத்தான். என் வீட்டுக்காரன் அவன் கழுத்தைப் பிடித்தான். இரண்டு பேரும் மண் ராஜாவின் நெஞ்சுமேல் விழுந்து புரண்டார்கள். அண்ணனின் வாய் கிழிந்து பல் சிவந்தது. இவன் கண்ணுக்கு மேல் பிளந்து ரத்தம் முகத்தில் இறங்கியது. "ரெண்டு பேருக்கும் சாமி வந்துட்சி" என்று என் பக்கத்தில் ஒரு கிழவி கும்பிட்டாள். கோவிந்தா, கோவிந்தா என்று மைதானமே கத்தியது.

அண்ணன் அப்போதே எழுந்து ஓடியிருக்கலாம். காப்புக் கட்டினவன் ஓடமாட்டான். விழவேண்டிய இடத்துக்கு அவனாகவே நடந்து போய், தொடைமேல் சாய்ந்து, காலை நீட்டினான். என் வீட்டுக்காரன் இரண்டு கையாலும் ஓங்கினான். பானை உடைகிற சத்தத்துக்குப் பதிலாகக் கரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் கத்தினான். மறுபடியும் ஓங்கி அதே இடத்தில் போட்டான். அதற்கப்புறம் மூன்றாவதாக ஒரு அடி பானையில் விழுந்து, சிவப்புத் தண்ணீர் தெறித்து எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது.

நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன். "கால் ஒடஞ்சி போச்சி, தூக்குங்கய்யா, நெஜமா ஒடஞ்சி போச்சி" என்று அலறினேன். என் தலை அவிழ்ந்து கிடந்தது. ஏழெட்டுப் பெண்கள் என்னை வந்து பிடித்தார்கள். யாரோ நெற்றியில் விபூதியை அப்பினார்கள். ஒருத்தி வாயில் வேப்பிலையைத் திணித்தாள். "ஆத்தா, எறங்கு ஆத்தா, இன்னா கொற சொல்லு" என்று என் காலில் விழுந்தாள். நான் கத்தக் கத்த அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். நான் அவர்களை அடித்தேன், கடித்தேன், கெட்ட வார்த்தை சொன்னேன். சாமி உக்கிரமாக இருக்கிறது என்று இன்னும் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள்.

பெண் வேஷம் கட்டிய ஒருத்தர் ராஜாவின் பெண்டாட்டியாக முறத்தோடும் துடைப்பத்தோடும் ஒப்பாரி வைத்து வந்தார். துடைப்பத்தால் செத்த புருஷனை அடித்து அழுவது முறை. அண்ணனின் அந்தக் கால்மேலும் அடி விழுந்தது. அவன் உடம்பு துள்ளியது. ஜனம் மூக்கைச் சிந்தியது. பிறகு அம்மன் வேஷக்காரர் வந்தார், மந்திரம் ஆனது, தேங்காய் உடைத்தார்கள், மூன்று தரம் சுற்றினார்கள். முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். அவர் குனிந்து தொடையில் கையை வைத்து, சிவப்பை எடுத்துத் தலையில் தடவி முடி முடிந்தார். பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்: "சுடச்சுட இருந்துச்சிம்மா. வெயில்ல தண்ணி சூடாயிட்சின்னு நெனச்சேன்."

பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். எழுந்திரு என்றார். சாட்டையைக் காற்றில் சொடுக்கினார். அண்ணன் அசையவில்லை. நெருங்கிப் போய்த் தோளில் ஒரு அடி வைத்தார். அப்போதும் அசையவில்லை. அவர் குனிந்து வேட்டியை விலக்கினார், உடனே இரண்டு எட்டுப் பின்வாங்கினார். எலும்பு வெளியே நின்றது.

குட்டி யானை வண்டியைக் கொண்டுவந்தார்கள். அதிலே ஏற்றுகிற நேரத்தில் நாட்டாமை தயங்கினார். சாயங்காலம் தீமிதி, காப்பு அவிழ்க்காமல் எல்லையைத் தாண்டினால் ஊருக்கு ஆகாது, அவிழ்க்கவும் நேரம் பார்க்க வேண்டும் என்றார். பூசாரி பஞ்சாங்கம் தேடினார். என் அண்ணி வண்டியில் ஏறி அண்ணனின் கையைத் தூக்கினாள், மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பினாள். "வண்டிய எடுடா" என்றாள். ஊரில் அன்று மனுஷி என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

அரியூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பார்த்தார்கள். ரத்த ஓட்டம் கீழே போகவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்று மெதுவாகத்தான் சொன்னார். காலை எடுத்தார்கள். போலீஸ்காரர் வந்து யார் அடித்தது என்று கேட்டார். அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "யாரும் அடிக்கல சார். அம்மன் எடுத்துக்கினா. என் வேண்டுதல்."

நான் கதவருகே நின்றிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரன் கண்ணுக்குமேல் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தான். கதாயுதத்தை அன்றைக்கே தீக்குழியில் போட்டுவிட்டான், அது நெருப்போடு நெருப்பாகப் போய்விட்டது. கைக்கு அகப்பட்டது கரும்புக்கழிதான். அடித்தேன். முதுகில், தோளில், கையில். கழி முறிகிற வரைக்கும் அடித்தேன். அவன் தடுக்கவில்லை. "கால் ஒடையும்னு தெரியும். போவும்னு தெரியாது" என்றான். அழுதான். அந்த அழுகையைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போலீசில் சொல்ல வாய் இல்லாதவள் எந்த முகத்தோடு போவாள்? அவன் ஓங்கினான், நான் தைத்தேன். ஒரே வீட்டில் இருக்கத் தகுந்தவர்கள்தான் என்று எனக்குத் தோன்றியது.

அண்ணன் என்னோடு பேசவில்லை. ஒரு வருஷம். எதிரே வந்தால் கட்டையை ஊன்றி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான். ஆனால் ஊர் அவனைத் தூக்கிவைத்துக்கொண்டது. செவ்வாய், வெள்ளியில் கோயில் மண்டபத்தில் உட்கார்வான். சீக்குக் குழந்தைகளைக் கொண்டுவந்து அவன் மடியில் போடுவார்கள். அம்மனுக்கே கால் கொடுத்தவர் கையால் விபூதி வாங்கினால் நல்லது என்று பாகூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். கரும்பு வெட்டினவன், இப்போது நெற்றி நிறைய விபூதியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்தவன் வெள்ளை வேட்டி கட்டித் திரிகிறான், அடிபட்டவன் பொய்க்குப் பூசை போடுகிறான், நடுவில் அம்மன் பழியைச் சுமக்கிறாள். என் அண்ணனுக்கு நியாயம் கிடைக்கவேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு ஊர் கூடியது. ஒற்றைக் காலோடு ஓட முடியாது, அதனால் ராஜா முறையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாமா என்று நாட்டாமை பேச்சை எடுத்தார். அண்ணன் கட்டையை ஊன்றி எழுந்தான்.

"ஓடத்தான் முடியாது. வுழ முடியும். என்னவிட நல்லா எவன் வுழுவான்?" என்றான்.

அப்போது என் வீட்டுக்காரன், கை கட்டிக்கொண்டு, "மச்சானே வுழட்டும். நான் மண்ணப் பாத்து அடிக்கிறேன்" என்றான். நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. நான் பேசினேன். உலக்கையைச் சொன்னேன், பூணைச் சொன்னேன், செருப்படியைச் சொன்னேன். நான்தான் தைத்தேன், தெரிந்தேதான் தைத்தேன் என்றேன். "அம்மன் எதையும் எடுக்கல. இந்த ஆளுதான் எடுத்தான், நானும் கூட நின்னேன். இவன ஊர் கேக்கட்டும், என்னையும் கேக்கட்டும்" என்றேன். பேசி முடித்தபோது மனசு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அண்ணனைப் பார்த்தேன். இப்போதாவது என்னைப் பார்த்து அழுவான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் முகம் செத்துப்போயிருந்தது. கால் போன அன்றைக்குக்கூட அவனை அப்படி நான் பார்த்ததில்லை. மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஜனம் அவன் நெற்றியை, கட்டையை, மடித்துக் கட்டின வேட்டியை ஒவ்வொன்றாகப் பார்த்தது. ஒரு பெண் மடியில் இருந்த குழந்தையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பொய் சொல்றா" என்றான் அண்ணன். "புருஷன் மேல கோவம். அதான் பொய் சொல்றா. எங்கால எடுத்தது அம்மன்." பூசாரியைப் பார்த்து, "கற்பூரம் ஏத்துங்க. அவ சொன்னது நெஜம்னா அடிச்சிச் சத்தியம் பண்ணட்டும். இல்ல, பொய்தான்னு அடிச்சிச் சொல்லட்டும்" என்றான்.

தட்டில் கற்பூரம் எரிந்தது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்கிற வார்த்தைக்கு எங்கள் ஊரில் அப்பீல் கிடையாது. பொய்யாக அடித்தால் பெற்ற பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். என் மகள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். ஒரு வருஷம் கழித்து முதல் தடவையாக அவன் என் கண்ணைப் பார்த்தான். கெஞ்சினான். வாய் திறக்கவில்லை, ஆனால் கெஞ்சினான். எனக்குத் தெரியாதா, அவன் என் அண்ணன்.

நான் கையை இறக்கினேன். தோல் பொசுங்கியது. "நான் சொன்னது பொய். அம்மன்தான் எடுத்தா" என்றேன்.

கோவிந்தா என்று கூட்டம் கத்தியது. ராஜா முறை எங்கள் வீட்டிலேயே நின்றது. கலைந்து போகும்போது அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று, "பாப்பா, வூட்டுக்கு வா, சாப்புட்டுப் போ" என்றான்.

போனேன். அண்ணி சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். என் வலது கை கொப்புளமாகிக் கிடந்ததால் ஸ்பூன் கொடுத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டேன். அதற்குமேல் எனக்கு அடக்க முடியவில்லை. "உனக்குத் தெரியாதாண்ணா? நெஜமாவே அம்மன்னு நெனச்சிக்கினு கீறியா?" என்று கேட்டேன்.

"மொத அடியிலயே தெரியும். அது கனம் எனக்குத் தெரியாதா?" என்றான்.

"அப்ப ஏன்? அம்மன்னு சொல்லிட்டா எவனும் பதில் சொல்ல வேணாமே. அந்த ஆளு ஜாலியா சுத்திக்கினு கீறான். அவன் பதில் சொல்ல வேணாமா?"

அண்ணன் முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்தான். "அவன் சொல்லுவான், சரி. வருஷா வருஷம் உற தெக்கிறது யாரு?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "ஆஸ்பத்திரில போலீஸ் வந்து கேட்டப்ப நீ கதவாண்ட நின்னுக்கினு இருந்த. ஒன்னப் பாத்துட்டுத்தான் கண்ண மூடிக்கினேன். ஒனக்கும் சேத்துத்தான் அம்மன்னு சொன்னேன்."

ஸ்பூனைக் கீழே வைத்தேன். இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சாப்புடு. ஆறிடும்" என்றான்.

சாப்பிட்டேன்.